இடப்பக்கம் இரண்டு அலகு

ரீச்சர்,

கணித அலுமாரியின் மேல்தட்டிலிருந்து உங்கள் கலண்டர் மட்டை இன்று காலை என் தலையில் விழுந்தது. நான் எடுக்கப் போனது கரும்பலகைக் கவராயம். கதவை இழுத்ததும் வெண்கட்டித் தூளும் பழைய வினாத்தாள்களின் புழுங்கல் மணமும் முதலில் வந்தன, பின்னாலேயே மட்டை வந்தது. அதன் முதுகில் நீங்கள் நீலப் பேனையால் கீறிய சதுரங்கள் அப்படியே இருக்கின்றன. நடுவில் இரண்டு அச்சுகள். ஓரத்தில் றப்பர் வளையம் போட்டுச் செருகிய ஓர் ஈர்க்கு. மட்டையிலேயே குத்தி வைத்த ஒரு குண்டூசி.

எனக்கு முதலில் வந்தது கோபந்தான். "செத்தும் விடமாட்டாவாம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு அலுமாரிக்கு முன்னால் கிடந்த நீள வாங்கில் குந்தி அழுதேன். உங்கள் செத்தவீட்டில் அழாத அழுகை அது. நல்லகாலம், முதல் மணி அடித்து எல்லாரும் வகுப்புகளுக்குப் போயிருந்தார்கள். அதிபர் கண்டிருந்தால் உடனே தேத்தண்ணி போடச் சொல்லி ஆளனுப்பியிருப்பார், அந்த அன்பை என்னால் தாங்கியிருக்க முடியாது.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்லவேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல். ஆனால் என் பழக்கம் உங்களுக்குத் தெரியும், நேரே விசயத்துக்கு வரமாட்டேன்.

பதினோரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே அலுமாரியைப் பங்கிட்டுக் கணிதம் படிப்பித்தோம். பதினோராம் வகுப்பு உங்களுக்கு, ஒன்பதும் பத்தும் எனக்கு. பிள்ளைகளுக்கு நீங்கள் 'ரீச்சர்', நான் 'மிஸ்'. வயதுதான் காரணம் என்பீர்கள் நீங்கள். இல்லை, நீங்கள் சீலை உடுக்கிற விதந்தான் காரணம் என்பேன் நான். ஆனால் எங்களுக்குள் இரண்டு பேருமே 'ரீச்சர்'தான். சிநேகிதிகள் என்று ஊருக்கே தெரிந்த பிறகும் ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வெட்கப்பட்டிருப்போம்.

காலையில் நீர்வேலியிலிருந்து ஸ்கூட்டியில் வருவீர்கள். சுன்னாகத்தில் சந்தை மதிலோடு நான் நிற்பேன். கொழுக்கியில் தொங்கும் இரண்டாவது ஹெல்மெட்டை எடுத்துத் தருவீர்கள், அங்கிருந்து சண்டிலிப்பாய்ப் பள்ளிக்கூடம்வரை கதைதான். ஹெல்மெட்டுக்குள்ளால் கத்திக் கத்திக் கதைத்ததில் இரகசியம் என்று எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. என் மாமியாருக்கும் எனக்கும் நடந்த சண்டை முழுவதும் வழியிலுள்ள தோட்டக்காரருக்குத் தெரியும். முன்கூடையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய இதரை வாழைப்பழச் சீப்பு ஒன்று இருக்கும், ஆசிரியர் அறைக்கு. "சுன்னாகத்து ஆக்கள் வெங்காயத்தை அழுது அழுது உரியுங்கோ. நாங்கள் சிரிச்சுக்கொண்டு பழம் உரிக்கிறம்" என்பீர்கள். பதினோரு வருடமும் அதே பகிடி. பதினோரு வருடமும் சிரித்தேன்.

அந்த ஈர்க்கு விசயத்தில் நான் உங்களை முதலில் நக்கலடித்ததும் நினைவிருக்கிறது. வகுப்பு வாசலில் வந்து நின்று பார்த்தேன். நீங்கள் வகுப்புக் கூட்டுகிற விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டிருந்தீர்கள்.

"மற்றப் பள்ளிக்கூடங்களிலை புரொஜெக்டர் கேக்கினம். நீங்கள் விளக்குமாத்தை உடைக்கிறியளோ ரீச்சர்?"

"விளக்குமாறு கரண்ட் நிண்டாலும் வேலை செய்யும் ரீச்சர்."

பிறகு மட்டையை மேசையில் படுக்க வைத்துப் பிள்ளைகளைச் சுற்றிக் கூப்பிட்டீர்கள். y = mx + c. குண்டூசியை நிமிர்ந்த அச்சில் ஒரு புள்ளியில் குத்தி, ஈர்க்கை அதில் சாத்தினீர்கள். ஊசி குத்திய இடம் c, அதாவது வெட்டுத்துண்டு. ஈர்க்கு எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறதோ அது m, படித்திறன். ஊசியை அசையவிடாமல் m ஐ மட்டும் கூட்டச் சொன்னீர்கள், ஈர்க்கு நிமிர்ந்துகொண்டு போனது. குறைக்கச் சொன்னீர்கள், சரிந்தது. சைபர் என்றதும் தட்டையாய்ப் படுத்தது. மறை எண், அதாவது சைபருக்குக் கீழே, என்றதும் மற்றப் பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் ஊசியைக் கழற்றி, சாய்வை மாற்றாமல் மேலே இரண்டு சதுரம், கீழே மூன்று சதுரம் என்று c ஐ மாற்றினீர்கள். "ஒண்டை அசைக்கேக்கை மற்றதைப் பிடிச்சு வைச்சிருங்கோ. ரெண்டையும் ஒண்டாய் அசைச்சால் ஆர் என்ன செய்தது எண்டு தெரியாமல் போடும்." நீங்கள் ஒன்றையும் தொடவில்லை. எல்லாம் பிள்ளைகளின் விரல்கள்.

அச்சுகள் இரண்டும் வெட்டும் இடத்துக்குப் புத்தகத்தில் 'உற்பத்தி' என்று பெயர். வெங்காயமும் புகையிலையும் போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வந்தால் போதும். "என்ன உற்பத்தி ரீச்சர், வெங்காய உற்பத்தியோ?" என்று ஒரு குரல் வராமல் அந்தப் பாடம் நடந்ததில்லை. நான் அதட்டுவேன். நீங்கள், "ஓம், கோடெல்லாம் இஞ்சைதான் விளையுது, தண்ணி விடுங்கோ" என்பீர்கள். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள், என் வகுப்பில் எழும்பி நிற்பார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன எரிச்சல் இருந்தது. இப்போது சொல்லலாம்தானே.

காலைக் கூட்டத்தில் ஒருநாள் அதிபர், வாழ்க்கை என்ற கோட்டுக்குப் படித்திறன்தான் முக்கியம், பிறந்த இடம் வெறும் வெட்டுத்துண்டு என்று நீட்டி முழக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் என் காதுக்குள், "பாவம் கோடு, அது தன்ரை பாட்டிலை கிடக்குது" என்றீர்கள். கணிதத்தில் புத்திமதி தேடுகிறவர்களை உங்களுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அதனால் இந்த மடலிலும் நான் அப்படி ஒன்றும் செய்யப்போவதில்லை, பயப்படாதேங்கோ.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் மூன்றாம் தவணைக்குப் பத்தாம் வகுப்பு வினாத்தாளை நான் எடுத்தேன். புள்ளித்திட்டமும் என்னுடையது. ஒரு கேள்வி: y = 2x இன் வரைபு தரப்பட்டுள்ளது, y = 2x + 4 இன் வரைபு அதிலிருந்து எவ்வாறு வேறுபடும்? நான் எதிர்பார்த்த விடை: படித்திறன் மாறாது, கோடு நான்கு அலகு மேலே நகரும். இரண்டு புள்ளி. ஏறக்குறைய எல்லாரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள், நான் அவர்களை மனப்பாடமாக்க வைத்தபடி. தனுசிகா மட்டும் வேறு எழுதியிருந்தாள். 'கோடு சரிவு மாறாமல் இடப்பக்கம் இரண்டு அலகு நகரும்.'

நான் சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டி சைபர் போட்டேன். அது கையின் வேகம். அதோடு விட்டிருக்கலாம். விடைத்தாள் குடுக்கிற நாளில் அவளை எழுப்பி நிறுத்தி, வகுப்புக்கு முன்னால் கேட்டேன்.

"கோடு எங்கையடி பக்கத்தாலை போறது? பக்கத்தாலை போறது நண்டு. இது கோடு, நண்டில்லை."

வகுப்பு சிரித்தது. எனக்கும் என் பகிடி பிடித்துத்தான் இருந்தது. என் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பது அபூர்வம் அல்லவா. தனுசிகா சிரிக்கவில்லை, இருக்கவுமில்லை. நான் இரு என்று சொல்லும்வரை நின்றாள்.

அவளுடைய தகப்பன் மாதகல் கரையில் தொழில் செய்கிறவர். அந்த வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகளில் கடலுக்குப் போகிற வீடு அது ஒன்றுதான், மற்றதெல்லாம் தோட்டக்கார வீடுகள். இடைவேளைக்குள் அவளுக்கு 'நண்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. அதை நான் நினைத்துச் சொல்லவில்லை, சத்தியமாய். ஆனால் நினைக்காமல் சொன்னது ஒரு சாட்டாகுமா? எங்கள் ஊரில் எந்தச் சொல் எந்த வீட்டுப் பிள்ளையில் போய் ஒட்டும் என்று தெரியாத ஆளா நான்?

ஆசிரியர் அறையில் நீங்கள் அந்த விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தீர்கள். அவளே கொண்டுவந்து தந்தாளா, நீங்களே வாங்கினீர்களா, இன்றுவரை தெரியாது.

"ரீச்சர், இந்தப் பிள்ளைக்கு ரெண்டு எங்காலை வந்தது எண்டு கேட்டனீங்களோ?"

"கேள்வியிலை நாலு கிடக்கு. அவள் ரெண்டு எண்டு எழுதியிருக்கிறாள். அதிலை கேக்க என்ன இருக்கு?"

"ரெண்டும் சரி ரீச்சர். நாலு மேலை போனாலும் அதுதான், ரெண்டு இடப்பக்கம் போனாலும் அதுதான். அவள் கிடைஅச்சைப் பாத்திருக்கிறாள். நீங்கள் நிமிர்ந்த அச்சை மட்டும் பாக்கிறியள்."

அங்கே ஐந்தாறு பேர் இருந்தார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "புள்ளித்திட்டத்திலை அப்பிடி இல்லை" என்றேன். நீங்கள், "புள்ளித்திட்டம் ஆர் எழுதினது?" என்று கேட்டீர்கள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டீர்கள். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன் ரீச்சர். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சீலை மாற்றமுதல் ஒரு வரைபுத்தாளை எடுத்துக் கீறிப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய கோடு கிடைஅச்சை உற்பத்தியில் வெட்டுகிறது, புதுக் கோடு மறை இரண்டில் வெட்டுகிறது. இடப்பக்கம் இரண்டு அலகு. சரிவு இரண்டு என்றபடியால் மேலே நான்கும் பக்கத்தில் இரண்டும் ஒன்றுதான், சரிவு ஒன்றாயிருந்தால் நான்குக்கு நான்கு. பதினைந்து வயதுப் பிள்ளை, நான் சொல்லிக்கொடுக்காததை, தானே பார்த்து எழுதியிருக்கிறாள்.  அந்தத் தாளை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அடுத்தநாள் காலை உங்களுக்குக் காட்டுவதென்றுதான் வைத்தேன்.

அடுத்தநாள் காலை நீங்கள் ஸ்கூட்டியில் வந்து நின்று, ஹெல்மெட்டைத் தந்தபடி, நான் வாய் திறக்கமுதல் சொன்னீர்கள்.

"ரீச்சர், அந்தப் பிள்ளை ஆரின்ரை பிள்ளை எண்டு ஒருக்கா யோசிச்சியளோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படிப்பிலை நான் ஆரின்ரை பிள்ளை எண்டு பாக்கிறேல்லை" என்றேன். எவ்வளவு பெரிய உத்தமி!

"பாக்கிறேல்லை எண்டு சொல்லுறது உங்களுக்கும் எனக்கும் லேசு. அவளுக்கு லேசில்லை."

"ரெண்டு மார்க்ஸுக்கு இவ்வளவு கதையோ?"

"நான் மார்க்ஸைப் பற்றிக் கதைக்கேல்லை ரீச்சர்."

நீங்கள் எதைப் பற்றிக் கதைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஏறி இருந்தேன். சண்டிலிப்பாய்வரை ஒரு சொல் இல்லை. கைப்பைக்குள் அந்தத் தாள் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று கிழமை இப்படியே போனது. நீங்கள் கோபக்காரி என்று எல்லாருக்கும் தெரியும். வேறு ஆளென்றால் என்னை ரோட்டில் விட்டுவிட்டுப் போயிருப்பா. நீங்கள் ஒவ்வொரு நாளும், அதே நேரத்துக்கு, சந்தை மதிலோடு வந்து நின்றீர்கள். ஹெல்மெட்டை நீட்டினீர்கள். நான் வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறினேன். கதை இல்லை. மழை தூறிய ஒருநாள் உங்கள் மழைக்கோட்டைக் கழற்றிப் பின்னால் நீட்டினீர்கள், நான் வேண்டாமென்று தலையாட்டினேன், இரண்டு பேரும் நனைந்துகொண்டு போனோம், அந்த மழைக்கோட்டு எங்கள் நடுவில் சும்மா கிடந்து வந்தது. வயதுபோன கழுதைகள் இரண்டு.

தவணை முடிந்தது. விடுமுறைக்குள் நீர்வேலிக்கு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். ஒருநாள் மினிபஸ்ஸில் உங்கள் சந்திவரை வந்துவிட்டேன். உங்கள் வீட்டு வாழைகள் ரோட்டிலிருந்தே தெரியும். இறங்கினால் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்க, பஸ் எடுத்துவிட்டான். அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்திருக்கலாம். நடக்கவில்லை. பள்ளிக்கூடம் துவங்க ஸ்கூட்டியில் ஏறினவுடனே சொல்லிவிடுவது, முகம் பார்க்கத் தேவையில்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து கத்திவிடலாம் என்று முடிவெடுத்தேன். அது எனக்கு மிகவும் நல்ல திட்டமாகப் பட்டது.

திருவெம்பாவை நாட்களில் உங்கள் மகள் ரெலிபோன் எடுத்தாள். "அம்மாவுக்கு டெங்கு அன்ரி. ஆஸ்பத்திரியிலை வாட்டிலை மறிச்சுப்போட்டினம். பயப்பிட ஒண்டுமில்லையாம்." பயப்பட ஒன்றுமில்லை என்றதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்தநாள் பின்னேரம் பார்க்கவிடுகிற நேரத்துக்குப் போவதென்று ஒரு போத்தலில் தோடம்பழச் சாறு பிழிந்து வைத்தேன். போனேன். வாசலில் காவலாளி நோயாளியின் பெயரைக் கேட்டார். பதினோரு வருடத்தில் முதன்முதலாக உங்கள் பெயரை வாயால் சொன்னேன். அவர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீங்கள் சொந்தமோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

உங்கள் செத்தவீட்டில் தனுசிகா தாயோடு வந்து படலையடியில் நின்றாள். வீட்டுக்குள் வரவில்லை. நான் அவளைக் கண்டேன், அவளும் என்னைக் கண்டாள். நான் கிணற்றடிப் பக்கமாய்ச் சுற்றிப் போய்விட்டேன். உங்களைக் கிடத்தியிருந்த வீட்டில்கூட எனக்கு அவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

தை மாதம் உங்கள் பதினோராம் வகுப்பை என்னிடம் தந்தார்கள். அதாவது அதே பிள்ளைகள், அதே தனுசிகா. முன்வரிசையில் இருந்தவள் கடைசி வரிசைக்குப் போயிருந்தாள். கேட்டால் விடை சொல்லுவாள், சரியாகவும் சொல்லுவாள். கேட்காமல் கை உயர்த்தமாட்டாள். கொப்பியில் நான் 'மிக நன்று' என்று எழுதுவேன். போகிறபோது வருகிறபோது, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்பேன். பெரிதாய் ஒன்றைச் செய்ய முடியாதவர்கள் சின்னச் சின்னதாய்ச் செய்வார்களே, அப்படி. அவள், "ஓம் மிஸ்" என்பாள். அவ்வளவுதான். பின்வரிசையில் பெடியன்கள் இரண்டு பேர் விரல்களை மடக்கி நண்டு மாதிரிக் காட்டியதை ஒருதரம் கண்டேன். அவர்களை வெளியே நிறுத்தினேன். எதற்கென்று சொல்லி நிறுத்தவில்லை. சொன்னால் என்னையும் அவர்களோடு நிறுத்தவேண்டி வரும்.

இன்றைக்கு வருகிறேன். சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம். மீட்டல் பாடத்தில் வரைபுகள் வந்து நிற்கின்றன. போன கிழமையே வந்திருக்கவேண்டும், நான்தான் நிகழ்தகவை முன்னுக்கு இழுத்து, தொடைகள் என்ற பாடத்தை இரண்டுதரம் படிப்பித்து, தள்ளிக்கொண்டு வந்தேன். இன்று தள்ள இடமில்லை. மட்டையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். முகம் கழுவித்தான் போனேன், ஆனால் கண் காட்டிக்கொடுத்திருக்கும்.

மட்டையைக் கண்டதும், போன வருடம் உங்கள் வகுப்பு யன்னலால் எட்டிப் பார்த்திருந்த இரண்டு பேர், "ரீச்சற்றை மட்டை" என்று ஒன்றாய்ச் சொன்னார்கள். மேசையைச் சுற்றி வரச் சொன்னேன். உங்கள் மாதிரியே ஊசியைக் குத்தி ஈர்க்கைச் சுழற்ற விட்டேன். பிறகு ஊசியைக் கழற்றினேன். y = 2x இல் ஈர்க்கை வைத்து, நான்கு சதுரம் மேலே தூக்கி, அந்த இடத்தில் பென்சிலால் கோடு கீறினேன். திரும்பவும் ஈர்க்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். சரிவு மாறாமல், இரண்டு சதுரம், இடப்பக்கமாய்த் தள்ளினேன்.  ஈர்க்கு பென்சில் கோட்டின்மேல் போய்க் கிடந்தது.

பிள்ளைகள் தலைகளை மட்டைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். பிறகு விரல் மடக்கிக் காட்டிய அந்தப் பெடியன்களில் ஒருவன், கெட்ட எண்ணத்தில் அல்ல, உண்மையாகவே அதிசயப்பட்டுக் கேட்டான்.

"அப்ப மிஸ், நண்டு போனது சரியோ?"

நான் தனுசிகாவைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினேன், பிறகு அது சரியில்லை என்று பட்டு, அவளைப் பார்த்துச் சொன்னேன். "போன வருசம் தனுசிகா எழுதின விடை சரி. பிழையெண்டு வெட்டினது நான். அண்டைக்குப் பின்னேரமே எனக்கு அது தெரியும், தெரிஞ்சும் சொல்லேல்லை. அந்த நண்டுக் கதையைத் துவக்கினதும் நான்தான். பிள்ளையளைக் குறைசொல்ல ஏலாது. ஒரு பிள்ளையை எழுப்பி நிப்பாட்டி வைச்சு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. தனுசிகா, என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

பிள்ளைகளை நான் 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். 'கொள்ளும்' என்று எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வகுப்புக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி என்று நினைக்கிறேன். தனுசிகா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. மிச்சப் பாடத்தை எப்படி முடித்தேன் என்று கேட்காதேங்கோ.

மணி அடித்து எல்லாரும் போன பிறகு அவள் வந்தாள். நான் கரும்பலகையை அழித்துக்கொண்டு நின்றேன், அழிக்க ஒன்றும் இல்லாத இடத்தையும் அழித்தேன்.

"மிஸ், இப்ப ஒருத்தரும் என்னை அப்பிடிக் கூப்பிடுறேல்லை. ரெண்டு பேருக்கு அடி குடுத்தனான்."

"நல்லாய்க் குடுத்தியோ?"

"ஓம் மிஸ்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரித்து நான் கண்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. மேசை விளிம்பைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர் எனக்குச் சொன்னவ மிஸ். தவணை முடியிற அண்டைக்கு."

"என்னெண்டு?"

"'உன்ரை விடை சரி பிள்ளை. மிஸ்ஸுக்கும் அது தெரியும். அவ வந்து உனக்குச் சொல்லுவா. வந்தாவெண்டால் ரெண்டாந்தரம் சொல்ல வைக்காதை, அவவுக்கு அது சரியான கஷ்டம்' எண்டு சொன்னவ."

நான் வாங்கில் இருந்துவிட்டேன். மூன்று கிழமை வாய் திறக்காமல் என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த நேரத்தில், நீங்கள் எனக்காக அவளிடம் போய்க் கதைத்திருக்கிறீர்கள். எனக்கு விளங்கிவிட்டது என்பது எப்படி உங்களுக்குத் தெரிந்தது? முகத்திலா தெரிந்தது? ஒரு சொல்லும் சொல்லாமல் உங்களுக்குப் பின்னால் இருந்தேனே, கண்ணாடியில் பார்த்தீர்களா?

"எப்ப வருவா எண்டு நான் கேட்டனான் மிஸ்" என்றாள் தனுசிகா.

"ரீச்சர் என்ன சொன்னவ?"

அவள் சொல்வதா விடுவதா என்று கொஞ்சம் பார்த்தாள். என்னை நோகப்பண்ணக்கூடாது என்று நினைத்திருப்பாள், அந்தப் பிள்ளைக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்ததோ.

"பொங்கலுக்கு முதல் வருவா எண்டு சொன்னவ."

இப்போது ஐப்பசி, ரீச்சர். பொங்கல் போய், வருடப்பிறப்புப் போய், நல்லூர்க் கொடி ஏறி இறங்கி, இன்றைக்குத்தான் அவளிடம் போனேன். இத்தனை மாதமும் அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் இருந்தபடி, நான் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் வரும்போது, இன்றைக்கோ, இன்றைக்கோ என்று பார்த்திருக்கிறாள். நீங்கள் சொன்னபடியால் பார்த்திருக்கிறாள். நீங்கள் போன பிறகும் உங்கள் சொல்லை நம்பியிருக்கிறாள், அதை நான் ஒவ்வொரு நாளும் பொய்யாக்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறேன்.

உங்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி இதுதான். வந்துவிட்டேன், சொல்லிவிட்டேன், ஒரேயொரு தரம்தான் சொன்னேன், அவள் இரண்டாந்தரம் கேட்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் போனது எனக்குள் இருக்கிறது, அது இருக்கத்தான் போகிறது. ஆனால் அதோடு சேர்த்து இனி இதையும் வைத்திருப்பேன்: என்னோடு நீங்கள் கதைக்காமல் இருந்த அந்த நாட்களில்கூட, நான் வருவேனா மாட்டேனா என்று நீங்கள் யோசிக்கவில்லை. எப்போது என்று மட்டுந்தான் யோசித்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கு ஒருநாளும் பிழையாய்ப் போனதில்லை ரீச்சர். என்னைப் பற்றி நீங்கள் போட்ட கணக்கைத்தான் நான் பிழையாக்கிவிட்டேன்.